இடப்பக்கத்து பிரேக்

ஜூன் 4

அன்புள்ள வார்டன் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் உன் விடுதிப் பெண்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால்தான் நான் குறுக்கே பேச முடியாது என்று நீ சட்டம் போட்டுவிட்டாய். கட்டுப்பட்டு எழுதுகிறேன்.

விஷயம் நம் வண்டியைப் பற்றியது. காலையில் கிளப்பினால் கிழவன் மாதிரி இருமுகிறது. மேடு ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பதையே விட்டுவிட்டார்கள், புகையில் அவர்களுக்கு என் வண்டியே தெரிவதில்லை. மெக்கானிக் ஸ்பேனரிடம் காட்டினேன். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, இஞ்சினைப் பிரிச்சு வேலை பாத்தா இன்னும் நாலு வருஷம் ஓடும். ஆனா அந்தச் செலவோட கொஞ்சம் சேத்துப் போட்டா வேற வண்டியே எடுத்துடலாம். யோசிச்சுக்குங்க" என்றான்.

யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. வண்டி இல்லாமல் என் பிழைப்பு நடக்காது. இவ்வளவு நீளத் திரைக்கம்பிகளையும் துணிச் சுருளையும் ஏணியையும் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் என்னையும் சேர்த்து இறக்கிவிடுவார். பாப்பாவிடம் போனில் சொன்னேன். "இன்னும் அந்த டிரைவிங் ஸ்கூல் வண்டியவா வச்சிருக்கீங்க? தள்ளிவிடுங்கப்பா" என்கிறாள்.

ஜன்னல் அளக்கப் போன ஒரு வீட்டில் ஒரு வண்டி விலைக்கு இருக்கிறது. பாங்க் குமாஸ்தா வைத்திருந்தது, பழசுதான், ஆனால் அதிகம் ஓடவில்லை. இருக்கிற சேமிப்பைத் துடைத்துப் போட்டால் வாங்கலாம். இன்னொரு வசதி, அதில் இடப்பக்கம் பெடல் கிடையாது. வாத்தியார் உட்காரும் பக்கத்தில் கிளட்சும் பிரேக்கும் வைத்த வண்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று டிரைவிங் ஸ்கூலில் போய் வாங்கினவன் நான். அந்த பிரேக்கால் நம் குடும்பத்தில் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும்.

போன வாரம் இடப்பக்கக் கண்ணாடியும் போய்விட்டது. ரோட்டில் பாதியை அடைத்து எவனோ லாரியை நிறுத்தியிருக்கிறான்.

வார்டன் வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கக் கேட்கிறார்களாமே, பாப்பா சொன்னாள். வண்டியை ரிப்பேர் பண்ணுவதா மாற்றுவதா என்பதை மட்டும் நீ சொல். மற்றதை நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


ஜூன் 9

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மற்றதை நான் கேட்கவில்லை என்று எழுதியே கேட்டுவிட்டீர்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பர் என் அலமாரியில் இருக்கிறது. இன்னும் போடவில்லை, போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வண்டிக்கு வருகிறேன். குமாஸ்தா வண்டியில் பின் சீட்டை மடக்கினால் உங்கள் நீளக் கம்பி உள்ளே போகுமா? அளந்து பார்த்தீர்களா? ஊரார் வீட்டு ஜன்னலையெல்லாம் நூல் பிசகாமல் அளப்பீர்கள், நம் வீட்டுக்கு வாங்கின கட்டில் மாடிப்படியில் திரும்பாமல் ஹாலிலேயே கிடக்கிறது. சேமிப்பைத் துடைத்துப் போட்ட பிறகு மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் எதைப் போடுவீர்கள்? ஓட்டிப் பார்க்காமல் தலையை ஆட்டிவிடாதீர்கள்.

பிரேக்கைப் பற்றி நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள், அதனால் நானும் சொல்கிறேன். போன நவம்பரில் தபாலாபீஸ் திருப்பத்தில் ஒரு பெண் சைக்கிளில் குறுக்கே வந்தாள். நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்தவன் நம்மை இடித்தான். அந்தப் பெண் நிற்காமல் போய்விட்டாள். நீங்கள் நடுரோட்டில் கூட்டத்துக்கு முன்னால், "சைக்கிளும் வரலை, ஒண்ணும் வரலை, இவளுக்கு என்மேல நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் போனிலும் அதையே சொன்னீர்கள். இத்தனை வருஷமாக என் வாழ்க்கைக்கே பிரேக் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றீர்கள். இடித்த காயம் ஆறிவிட்டது. என்னைப் பொய்க்காரி ஆக்கினது ஆறவில்லை. நான் இந்த வேலைக்கு வந்தது அதனால்தான், சம்பளத்துக்காக அல்ல.

இதற்கு மேல் எழுதினால் போன் மாதிரி ஆகிவிடும். இங்கே எல்லாம் சௌகரியம். விடிந்ததும் ஒரு வேலையாக வெளியே போய்விட்டு வருகிறேன். என்ன வேலை என்று கேட்காதீர்கள். மாத்திரையை மறக்காமல் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா


ஜூன் 15

அன்புள்ள வார்டன் அம்மாவுக்கு,

விடிந்ததும் என்ன வேலை? நடைப்பயிற்சியா? இளைத்துவிடாதே, அப்புறம் ஸ்டேஷனில் அடையாளம் தெரியாமல் வேறு யாரையாவது கூட்டி வந்துவிடப் போகிறேன்.

சைக்கிள் விஷயத்தில் நான் பார்த்ததைத்தான் சொன்னேன். வரவில்லை என்றால் வரவில்லை. கூட்டத்தில் சத்தம் போட்டது தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். அதோடு விடு.

குமாஸ்தா வண்டியை ஓட்டிப் பார்த்தேன். கம்பி உள்ளே போகிறது, அளந்துவிட்டேன், திட்டாதே. இஞ்சின் பட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு சங்கடம். வெளியே எடுக்கும்போது அவர்கள் கேட்டில் இடக்கதவு உரசிவிட்டது. குமாஸ்தாவின் மனைவி கீறலைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்குப் பழக்கமில்லாத வண்டி, அகலம் பிடிபடவில்லை. உரசினதற்காகவாவது அதையே வாங்கிவிட வேண்டும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நம் வீட்டில் வாசல் ஓரம் நீ வைத்துவிட்டுப் போன பூந்தொட்டி இரண்டும் போய்விட்டன. வண்டியை உள்ளே விடும்போது சக்கரம் ஏறிவிட்டது. நீ இருந்தால் "தொட்டி, தொட்டி" என்று கத்தியிருப்பாய். செடியைப் பிடுங்கி வாளியில் வைத்திருக்கிறேன், ஒன்று பிழைத்துவிடும்.

தொழிலும் முன்னைப்போல இல்லை. நீ கூட வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்தால் ஒரு வீடு சீக்கிரம் முடியும். இப்போது நானே ஆணியில் மாட்டி அளக்கிறேன். நேற்று ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று திரை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்று கொக்கிகளை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. "எவ்வளவு நேரமா கைய நீட்டிட்டு நிக்கிறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்களே" என்று கோபித்துக்கொண்டார். எனக்குத் திமிராம். உன்னைக் கேட்டால் ஆமாம் என்பாய்.

வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. இதையும் எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


ஜூன் 18

என்னங்க,

இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷத்திலிருந்து வண்டியைத் தொடாதீர்கள். குமாஸ்தாவுக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள். கோபத்தில் எழுதவில்லை.

உங்கள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். லாரியில் போன கண்ணாடி இடப்பக்கம். கேட்டில் உரசின கதவு இடப்பக்கம். என் தொட்டிகள் இருந்தது வாசலுக்கு இடப்பக்கம். கொக்கி நீட்டின அம்மாள் உங்களுக்கு எந்தப் பக்கம் நின்றார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

போன மாதம் விடுதிப் பெண்களுக்குக் கண் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் செய்ததை நீங்களும் செய்யுங்கள். ஹாலில் காலண்டருக்கு எதிரே உட்காருங்கள். வலது கண்ணைக் கையால் மூடுங்கள். காலண்டரை மட்டும் பாருங்கள், தலையைத் திருப்பக் கூடாது. இடப்பக்கம் தெரு ஜன்னல் இருக்கிறதே, நீங்களே திரை மாட்டின ஜன்னல், அது தெரிகிறதா?

சைக்கிள் இடப்பக்கத்திலிருந்துதான் வந்தது. ஏழு மாதமாக, பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சாதிக்கிறாரே என்று எரிந்துகொண்டிருந்தேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியவே இல்லை. அது எனக்கு அன்றைக்குத் தோன்றியிருந்தால் நான் ஊரை விட்டு வந்திருக்க மாட்டேன், உங்களைத் தனியாக ஓட்டவும் விட்டிருக்க மாட்டேன்.

பஸ்ஸில் ஏறிக் கண் டாக்டரிடம் போங்கள். பஸ்ஸில்தான். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். பயமாக இருந்தால் போன் பண்ணுங்கள், சண்டை போட மாட்டேன்.

பாப்பா அம்மா


ஜூன் 26

அன்புள்ள உனக்கு,

போன் பண்ணாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேனோ என்று இருந்தது.

நீ சொன்னபடி உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் இல்லை. கையை எடுத்துவிட்டுத் திரும்பினால் இருக்கிறது, திரை காற்றில் ஆடுகிறது. மறுபடி மூடினால் இல்லை. விளையாட்டுப் பிள்ளை மாதிரி இப்படியே மூடித் திறந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டர் நம் பாப்பா வயதுப் பெண். ஒரு மெஷினுக்குள் தலையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார். நான் நன்றாக அமுக்கிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். இடது கண்ணுக்கு வந்தபோது ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து, "அம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம். "வலியே இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாப் போகும். வலது கண்ணு ஈடு கட்டிக்கிட்டே வந்ததால உங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார். போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். தினமும் விட வேண்டும், வாழ்நாள் பூராவும். பாதிச் சொட்டு கன்னத்தில்தான் விழுகிறது. நான்தான் பாட்டிலைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொள்கிறேனே.

வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம், ஒரு மாதம் என்றில்லை. இனிமேலே கூடாது.

சைக்கிள் வந்திருக்கிறது. நீ சொன்னது சரி. அந்தப் பெண் யார் பெற்ற பிள்ளையோ, இன்றைக்கும் எங்கேயோ சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது உன் காலால். பாப்பாவிடம் போனில் இதைச் சொல்லிவிட்டேன். கூட்டத்தைத் தேடிப் பிடித்துச் சொல்ல முடியாது, முடிந்தால் அதையும் செய்வேன்.

ஆக, ரிப்பேரா புதுசா என்ற கேள்வி தானாகவே தீர்ந்துவிட்டது. குமாஸ்தாவிடம் வேண்டாம் என்று சொல்லி, கதவுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்துவிட்டேன். நம் வண்டியை ஸ்பேனர் விற்றுத் தருகிறானாம், மூன்றாம் தேதி ஆள் கூட்டி வருகிறான். வெளியூர் வேலையை விட்டுவிட்டு, நடந்து போகிற தூரத்தில் கிடைக்கிற ஜன்னல்களைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஒற்றை ஆளுக்கு எவ்வளவு வேண்டும்?

நீ கையெழுத்துப் போட்டுவிடு. மனசாரச் சொல்கிறேன். கண் போனவனுக்குத் துணையாக வந்தாய் என்று இருக்கக் கூடாது. அது எனக்குத் தாங்காது. என்மேல் கோபம் தீர்ந்து வருவதானால் வா, பரிதாபத்துக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா


ஜூன் 29

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

கண் போனவன் என்று இனிமேல் எழுதினால் நடப்பதே வேறு. போனது கொஞ்சம், இருப்பது நிறைய. இருப்பதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது நமக்கு என்ன புதுசா?

வண்டியை விற்காதீர்கள். ஸ்பேனர் கூட்டி வருகிற ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

விடிந்ததும் எங்கே போகிறேன் என்று கேட்டீர்களே. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இனி எவன் வண்டியிலும் இடப்பக்கம் உட்கார மாட்டேன் என்று வீம்பில் சேர்ந்தேன், உங்கள் மேல் இருந்த ஆத்திரம்தான் காரணம். போன வாரம் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். முதல் தடவை தேறவில்லை, அதைப் பாப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு தொட்டதற்கெல்லாம் பிரேக்கை மிதிப்பார். நாய் எங்கேயோ படுத்திருக்கும், மிதிப்பார். சிக்னல் தூரத்தில் இருக்கும், மிதிப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "சார், நான் ஓட்டறேனா நீங்க ஓட்டறீங்களா?" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதே வார்த்தையை நீங்கள் எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்! நான் எல்லாத் தடவையும் சைக்கிளைப் பார்த்தா மிதித்தேன்? பாதி தடவை சும்மா பயத்தில் மிதித்தேன். அது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் பரிதாபம் கிரிதாபம் என்று பெரிய பேச்சு வேண்டாம். என் கோபம் போன வாரமே பாதி தீர்ந்துவிட்டது, மீதியை உங்கள் கடிதம் தீர்த்துவிட்டது.

சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்து, ஸ்பேனரையே வண்டியைக் கடைக்கு ஓட்டிப் போய் இஞ்சின் வேலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியை மாட்டச் சொல்லுங்கள். இடப்பக்கப் பெடலைக் கழற்றுகிறேன் என்பான், தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். எனக்குக் கைப்பழக்கம் போதாது. குமாஸ்தா வண்டி எவ்வளவு பட்டாக இருந்தாலும் அதில் எனக்குத் தேவையானது இல்லை. நம் வண்டியில்தான் இருக்கிறது.

வெளியூர் வேலையை விட வேண்டாம். நான் ஓட்டுகிறேன், நீங்கள் ஏணி ஏறுங்கள், டேப்பின் மறுமுனையை நான் பிடிக்கிறேன். கொக்கியை வலப்பக்கம் நின்று நீட்டுகிறேன்.

வார்டன் பேப்பரைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன், அதற்குள் ஸ்பேனர் வேலையை முடித்துவிடுவான். ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் வாருங்கள். நான் இளைக்கவில்லை, அடையாளம் தெரியும். அதுவரைக்கும் சொட்டு மருந்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். வந்த பிறகு நான் பிடித்து வைத்து விடுகிறேன், கண்ணை எப்படி மூடுகிறீர்கள் என்று பார்க்கலாம்.

ஸ்டேஷனிலிருந்து நேரே ஸ்பேனர் கடைக்குப் போவோம். அங்கிருந்து வீட்டுக்கு நான் ஓட்டுகிறேன். நீங்கள் என் சீட்டில் உட்காருங்கள், கால் பெடல் மேலேயே இருக்கட்டும். நடுவில் நீங்கள் பிரேக்கை மிதித்தால் நான் சத்தம் போட மாட்டேன். என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும், ஏதோ வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா