மேடில்லாத ஊர்ச் சைக்கிள்

மடத்துவெளி,
புங்குடுதீவு.
04.08.2024

அன்புள்ள தங்கச்சி தேவிக்கும் மச்சான் தியாகலிங்கத்துக்கும்,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். பதுளைப் பக்கமும் அப்படியே இருக்கட்டும். இதைப் போனில் சொன்னால் என்ன என்று தேவி கேட்பாள். ஷெல் விழுந்த நாள் தொடக்கம் என் இடது காது லீவில் நிற்கிறது. வலது காதுக்கு அவள் கத்துவது பிடிக்கவில்லை. ஆகவே ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சான், நீர் கடை திறக்கப் பதுளைக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய றலிச் சைக்கிள் நேற்று வெங்காய லொறியில் ஏறிவிட்டது. அறுபது வயதில் உமக்குச் சைக்கிள் ஆசை வந்திருக்கிறது. வேறு ஆசை வராமல் விட்டது என் தங்கச்சி செய்த புண்ணியம்.

நானும் கூட்டாளி பிலிப்புவும் மூன்று கிழமை மினக்கெட்டோம். மண்ணெண்ணெய் விட்டுக் கறளைத் தேய்த்துத் தேய்த்து என் கைரேகையும் போய்விட்டது. இனி ஒரு சாத்திரியும் எனக்குப் பலன் சொல்ல ஏலாது. மட்காட்டுக்கு ஆலிவ் பச்சை அடித்து மஞ்சள் கோடும் இழுத்தோம். கோடு கொஞ்சம் நெளியும். பிலிப்பு தும்மினவன்.

முன் பிறேக் கம்பியைக் கறள் தின்றுவிட்டது. "புதுசு தேடுவமோ?" என்று பிலிப்பு கேட்டான். "என்னத்துக்கடா? எங்கடை சைக்கிள் ஒண்டிலையாவது முன் பிறேக் இருக்கோ? பின் பிறேக்கையே பொம்பிளையள் எதிரை வந்தால்தானே பிடிக்கிறனாங்கள்" என்றேன். கழற்றி எறிந்தோம். இப்போது முன் சில்லு, முகம் வழித்த மாப்பிள்ளை போலப் பளிச்சென்று நிற்கிறது. இந்தத் தீவில் மிதிப்பதை விட்டால் காற்றே ஆளை நிற்பாட்டிவிடும்.

நாங்கள் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குறிகட்டுவான் துறை மட்டுக்கும் ஓடுகிறோம். நாலும் றலி. நாலு பேருக்கும் முழங்கால் நோ. புது மோட்டார் சைக்கிள்காரர் பின்னால் வந்து கோன் அடித்தால் நாங்கள் விலகுவதில்லை. எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே பாதி கேட்காது.

சைக்கிள் வந்ததும் எழுதவும்.

மறவாத,
செல்வரத்தினம்


பதுளை.
25.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். சைக்கிள் வந்து சேர்ந்தது. வெங்காய மணம் இன்னும் போகவில்லை.

அன்றைக்கு இவர் மத்தியானம் சாப்பிடவில்லை. சைக்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மணியை அடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கலியாணம் கட்டின நாளிலும் அப்படிச் சிரித்ததாய் எனக்கு நினைவில்லை.

உங்களுக்குத் தெரியும், எங்கள் வீடு மேட்டில், கடை பள்ளத்தில். காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கி, மைதானத்தில் நாலு சுற்று ஓடிவிட்டுக் கடை திறப்பார். பின்னேரம் திரும்பத் தள்ளிக்கொண்டு ஏறுவார். மாமி வாசலில் நின்று மகனைப் பார்த்து, "ஏறேக்கையும் தள்ளுறாய், இறங்கேக்கையும் தள்ளுறாய். சைக்கிளல்லோ உன்னை ஓடுது" என்கிறா. மாமி சிரித்து நாங்கள் கண்டு எவ்வளவு காலம்.

ஆறு வருடத்துக்கு முன்பு நயினாதீவு அம்மாளின் முன்னால் சத்தியம் செய்து குடியை விட்ட மனிசன், இப்போது இந்தச் சைக்கிளில் வெறியாய் இருக்கிறார். இந்த வெறிக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
தேவி


மடத்துவெளி.
01.12.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

மச்சானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்து ஒரு கிழமை ஆகிறது. சுகமாய் வந்து சேர்ந்தேன் என்று எழுத வேண்டும். வந்து சேர்ந்தேன்.

எல்லாரும் வந்து விசாரிக்கிறார்கள். கடைக்கு நேரம் போச்சென்று தள்ளாமல் சைக்கிளில் இருந்தபடியே மழைக்குள் இறங்கினவர், வளைவில் திரும்ப ஏலாமல் மதகுக் கட்டில் போய் அடிபட்டார், மூன்று நாள் ஆசுப்பத்திரியில் கிடந்து போய்விட்டார். இதை இருபது முப்பது தரம் சொல்லிவிட்டேன். இப்போது சொல்லும்போது யாரோ அயலூர் ஆளின் கதை சொல்வது போல் இருக்கிறது. நேற்று ஒரு மனிசிக்குச் சொல்லி முடித்துவிட்டு, அவ அழ, நான் மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலையில் என் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டேன். விட்டேனோ இல்லையோ என்று தெரியாமல் திரும்பவும் விட்டேன். செயினால் வழிந்து நிலமெல்லாம் எண்ணெய்.

உன் பின்வளவில் மச்சானின் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு வந்தேன். அதை ஒருவரும் தொடவேண்டாம். கழுவவும் வேண்டாம். நானே ஆள் அனுப்பி எடுப்பிப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாமியையும் பார்த்துக்கொள்.

அண்ணை,
செல்வரத்தினம்


பதுளை.
29.12.2024

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால்தான் சொல்லத் தெரியாது.

கடையைத் திறந்திருக்கிறேன். ஆட்கள் வருகிறார்கள், சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை நூல் கேட்டது. பச்சை நூலைக் கையில் வைத்துக்கொண்டே பச்சை இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

இதை எழுதக்கூடாது என்று இருந்தேன். மாமி இவரின் படத்துக்கு இன்னும் ஒரு பூ வைக்கவில்லை. விளக்கும் கொளுத்துவதில்லை. விழுந்த நாளுக்கு முதல் நாள் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போனாரல்லோ, அங்கே குடித்துவிட்டார் என்கிறா. "சத்தியத்தை முறிச்சான், அம்மாள் எடுத்திட்டா. வெறி முறியாதவன்தான் அந்த மழையுக்கை சைக்கிளிலை ஏறி இருப்பான்" என்று வருகிற ஆட்கள் எல்லாருக்கும் சொல்கிறா. பெற்ற தாய் சொன்னால் ஆர் மறுக்கப் போகினம்? இப்போது கடைத்தெருவிலும் அதுதான் கதை.

எனக்கு அன்று காலையில் மணக்கவில்லை. ஆனால் எனக்குத் தடிமல். ஒன்றும் மணக்காத நாள்.

அண்ணை, நீங்கள் ஆசுப்பத்திரியில் இவருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றதை நான் கதவடியில் நின்று பார்த்தேன். இவரின் வாய் அசைந்தது. என்ன சொன்னார்? உங்களுக்குச் சைக்கிள் தெரியும். வெறியில்லாத ஆளுக்கு அந்த வளைவில் நிற்பாட்ட ஏலாதோ?

அன்புத் தங்கச்சி,
தேவி


மடத்துவெளி.
19.01.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இம்முறை நாங்கள் பொங்கவில்லை. பிலிப்பு கொண்டுவந்து தந்தான். வேதக்காரன் பொங்கினதைச் சைவக்காரன் சாப்பிட்டேன் என்று பகிடி விட நினைத்தேன். வாய் வரவில்லை. "என்னடா, வாயுக்குப் பூட்டுப் போட்டிட்டியோ?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். மச்சானுக்கு நான் குனிந்து கொடுத்தது கேட்காத காதை. அவ்வளவு பெரிய விசரன் நான். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. தண்ணீர் கேட்டிருப்பார்.

மழையென்றால் தார் றோட்டு வழுக்கும். ஆர் என்றாலும் வழுக்கும். மாமி வயது போன மனிசி, சொல்லிவிட்டுப் போகட்டும். நீ காதில் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு நான் போவதில்லை. மற்ற மூன்று பேரும் போகிறார்கள். படலையைத் தாண்டும்போது மணி அடிப்பார்கள். நான் உள்ளே இருப்பேன்.

சைக்கிளை எடுக்க லொறி ஒன்றும் அகப்படவில்லை. சாக்கை எடுக்காதே.

அண்ணை,
செல்வரத்தினம்


பதுளை.
09.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் எழுதியதை வாசித்தேன். மழையில் அந்த றோட்டால் தினமும் எத்தனையோ சைக்கிள் இறங்குகிறது. பால் ஊற்றுகிறவர் இரண்டு பெரிய கான் கட்டிக்கொண்டு இறங்குகிறார். அவர் விழவில்லை. அப்படியென்றால் மாமி சொல்வதுதான் சரி போலிருக்கிறது.

முதலில் மாமியோடு சண்டை பிடித்தேன். இப்போது நானும் நம்பிவிட்டேன். நம்பினதும் உள்ளுக்குள் ஏதோ உடையும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. படத்தை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போய் உடுப்புத் தோய்த்தேன்.

மாசி மகத்துக்கு நானும் மாமியும் நயினாதீவுக்கு வருகிறோம். சத்தியம் முறித்தவருக்காக அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். மாமி தலைமயிர் இறக்கப் போகிறா. வெயிலில் கோயில் வீதியைப் பிரதட்டையாய்ச் சுற்றி வருவதென்று நான் நேர்ந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி நேரே குறிகட்டுவானுக்கு வருவோம். வள்ளத்தடிக்கு வந்து நில்லுங்கள். மாமிக்குக் கை கொடுத்து இறக்க ஆள் வேண்டும்.

அன்புத் தங்கச்சி,
தேவி


மடத்துவெளி.
15.02.2025

தங்கச்சி,

நீங்கள் வரவேண்டாம். மாமியின் தலையில் ஒரு மயிரும் இறக்கவேண்டாம். மச்சான் குடிக்கவில்லை.

நான் குனிந்தது கேட்கிற காதோடு. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தவறாமல் எனக்குக் கேட்டது. "பிடிச்சனான் மச்சான். நிக்கேல்லை." இரண்டு தரம் சொன்னார். வாயில் மருந்து மணந்தது. வேறு மணம் இல்லை.

செத்தவீட்டுக்கு அடுத்த நாள் விடிய நான் பின்வளவுக்குப் போய்ச் சைக்கிளைப் பார்த்தேன். பின் பிறேக் கட்டைகள் தேய்ந்து இரும்பு வெளியே வந்திருந்தது. இரும்பு உரஞ்சி றிம்மில் கோடு விழுந்திருந்தது. மேலிருந்து வளைவு மட்டுக்கும் அந்த மனிசன் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். வெறிகாரன் அப்படிப் பிடிக்கமாட்டான். அந்தக் கட்டைகளும் நான் போட்ட பழைய கட்டைகள்தான். பெயின்ற் வாங்கக் கடைக்குப் போனேன், கட்டை வாங்க நினைக்கவில்லை. முன்னுக்கு ஒரு பிறேக் இருந்திருந்தால் அவர் நின்றிருப்பார். அதைக் கழற்றி எறிந்தது நான். எறிந்துவிட்டுச் சிரித்தும் எழுதினேன்.

நான் எத்தனை தரம் பதுளைக்கு வந்திருப்பேன். அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி, உன் வீட்டு வாசலில் கதிரை கேட்டு இருந்திருக்கிறேன். சைக்கிளைச் செய்கிறபோது அந்த ஏற்றம் ஒரு தரமும் என் நினைவுக்கு வரவில்லை. இங்கே நிலம் மட்டம். எங்கேயும் மட்டம் என்று கை நினைத்துவிட்டது. மச்சானும் இந்த மண்ணில் ஓடிப் பழகினவர். அவரும் கேட்கவில்லை.

சாக்குப் போட்டது மழை படாமல் இருக்க அல்ல. நீ பார்க்காமல் இருக்க.

உனக்குப் பொய் எழுதினேன். அதற்குள் ஒரு பகிடியும் வைத்தேன். இந்த நாலு மாதமும் எனக்கு அழுகை வரவில்லை. கை மரத்தது போல் முழு ஆளும் மரத்துப்போய்க் கிடக்கிறேன். இப்போதும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. மாமி அந்த வெயிலில் இருந்து தலை வழிக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

மாமிக்கு இதை வாசித்துக் காட்டு. ஆருக்கு வேண்டுமென்றாலும் காட்டு.

செல்வரத்தினம்


பதுளை.
30.03.2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மாமிக்கு வாசித்தேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னா. "பிடிச்சனான்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிற்பாட்டினா. எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அலுமாரியிலிருந்து படத்தைத் தானே எடுத்துத் துடைத்துப் பூ வைத்தா. "என்ரை பிள்ளை குடிக்கேல்லை, என்ரை பிள்ளை குடிக்கேல்லை" என்று இரவு மட்டுக்கும் சொல்லிக்கொண்டு இருந்தா. அடுத்த நாள் என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாய் ஏறினா. தான் சொன்னதைத் தானே பிழை என்று சொல்லிவிட்டு வந்தா. பால்காரரையும் மறித்துச் சொன்னா. அவருக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது. தலையை ஆட்டினார்.

நாங்கள் நயினாதீவுக்கு வரவில்லை.

மாமி உங்களில் கோபமாய் இல்லை. "அவன் சொல்லாமல் விட்டிருந்தால் என்ரை பிள்ளை வெறிகாரனாயெல்லோ போயிருப்பான்" என்கிறா.

நானும் கோபத்தைத் தேடிப் பார்த்தேன். வேண்டுமென்று நீங்கள் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். முன் பிறேக் இல்லாததை நினைத்தால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அது விதி என்று விட்டுவிடுவேன். மற்றதைத்தான் விட முடியவில்லை. இவர் கடைசியாய்ச் சொன்ன சொல் என்னிடம் வரவேண்டிய சொல். நாலு மாதம் நீங்கள் அதை வைத்திருந்தீர்கள். அந்த நாலு மாதமும் நான் என் மனிசனை வெறிகாரன் என்று நினைத்துப் படத்தை உள்ளே வைத்தேன். அதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

சைக்கிளை இரும்பு எடுக்கிறவருக்குக் கொடுத்துவிட்டேன். லொறி தேடவேண்டாம்.

ஆண்டுத் திவசத்துக்கு வந்தால் மாமி உங்களுக்குச் சோறு போடுவா. வாசலில் நின்று உங்களை வாருங்கள் என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அதனால் வரவேண்டாம். கடிதமும் போடவேண்டாம். வந்தால் வாசிப்பேன், ஆனால் பதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
சறோஜினிதேவி தியாகலிங்கம்