குளவிப் பெட்டியில் இட்ட எண்கள்

இன்று காலை தேசிக்காய்ச் செடியில் ஒரு பச்சைப் புழுவைக் கண்டேன். உடம்பெல்லாம் அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள். புழு இன்னும் சாகவில்லை. தலையை மெல்ல அசைத்தது. அதை உள்ளிருந்து தின்று வெளியே வந்தவை அந்தக் கூடுகளுக்குள் குளவிகளாகிக்கொண்டிருந்தன. நீ இருந்திருந்தால் இலையோடு கிள்ளிப் போத்தலில் போட்டு, ஊரையும் திகதியையும் எழுதிய பிறகுதான் என்னோடு கதைத்திருப்பாய்.

பயிர்ப் பூச்சி பார்க்கும் உத்தியோகம் உனக்கு. மிச்ச நேரமெல்லாம் எறும்பிலும் சிறிய இந்தக் குளவிகளுக்குப் போனது. ஒரே பேரினம் என்று எழுதி வைத்திருந்ததை வெளிநாட்டில் பலவாகப் பிரித்துவிட்டார்கள் என்று அறிந்து, சிறகின் நரம்பைப் பார்த்து நீயும் எல்லாவற்றையும் புதிதாக அடுக்கினாய். நீர்வேலித் தோட்டங்களில் கிடைப்பது வல்வெட்டித்துறைக் கரையில் ஏன் இல்லை என்று அறிய, குடாநாடு முழுவதும் சைக்கிளில் அலைந்தாய்.

"பேரை ஆரும் பிறகு மாத்தலாம் மச்சான். பிடிச்ச இடத்தைப் பிறகு ஒருத்தராலும் எழுதேலாது."

எண்பத்தைந்தில் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு நிபுணருக்கு அனுப்பப் புறப்பட்டாய். ஒவ்வொரு ஊசியின் கீழும் ஒரு சீட்டு. அவற்றில் இருந்த ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"ஆமி முகாமடியிலையும் பிடிச்சனியோ?"

"குளவிக்கு முகாம் தெரியுமே?" என்று சிரித்தாய்.

ஊருக்குப் பதில் எண் போடு என்றது நான். எந்த எண் எந்த ஊர் என்ற பட்டியலையும் நானே எழுதினேன். அந்தத் தாளை என்னிடம் விட்டுப் போனாய்.

சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பெட்டியைத் திறந்தார்கள். ஊர்ப்பெயர் இருந்திருந்தால் கேள்வி கேட்டிருப்பார்கள். எண்களைச் சங்கேதம் என்று எடுத்தார்கள்; ஒன்றும் கேட்கவில்லை. உன்னை இறக்கிவிட்டு பஸ் போனது.

அன்று பின்னேரமே உன் மனைவி வந்தார். "அண்ணை, அந்தத் தாள் உங்களிட்டைத்தானே இருக்கு? கொண்டுபோய்க் காட்டுங்கோவன்."

"இப்ப போனா இன்னும் சிக்கலாகும் தங்கச்சி. ரெண்டு நாள் பொறுங்கோ."

அது உன்னை நினைத்துச் சொன்னதல்ல. தாள் முழுக்க என் கையெழுத்து.

மூன்றாம் நாள் தாளோடு முகாமுக்குப் போனேன். தமிழ் தெரிந்த ஒருவர் வாசலில் நின்று பட்டியலை வரிவரியாக வாசித்தார்.

"குளவியோ?"

"ஓம். பயிரைத் தின்னுற புழுவைக் கொல்லுற குளவி."

தாளை மடித்துத் திருப்பித் தந்தார். "அவரை நேற்றுக் காலமை வேறை இடத்துக்குக் கொண்டுபோட்டினம். எங்கையெண்டு தெரியாது." உள்ளே திரும்பியபடி சொன்னார்: "நீங்கள் முந்தநாள் வந்திருக்கலாம்."

அதன் பிறகு எந்த வாசலிலும் உன் பெயர் இருக்கவில்லை.

உன் மனைவியிடம், "அங்கை இல்லையாம்" என்று மட்டும் சொன்னேன். எப்போதிருந்து இல்லை என்று அவர் கேட்கவில்லை. இப்போதும் வருடப் பிறப்பன்று தொலைபேசியில் அழைக்கிறார். "நீங்கள் எண்டாலும் போய்க் கேட்டியள் அண்ணை" என்கிறார். நான் ஓம் என்கிறேன்.