மாடி அத்தை லிஃப்டில் ஏறும் காட்சி

அன்பு மகள் ரேடியோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாகவே இருக்கிறேன். முழங்கால் மட்டும் படி இறங்கும்போது வலிக்கிறது. ஏறும்போது ஒன்றும் இல்லை. படிக்கட்டு வேண்டாம், லிஃப்டில் போங்கள் என்றார் டாக்டர். துணைக்கு வந்திருந்த கீழ்த்தளத் தையல்காரர் சிரித்துவிட்டார். "லிஃப்ட் மெக்கானிக்குக்கே லிஃப்ட எழுதிக் குடுத்த மொத டாக்டர் நீங்கதான் சார்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. மாத்திரைச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

போன வாரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போது போன் கட் ஆனதே, அது டவர் கோளாறு இல்லை. நான்தான் வைத்தேன். மறுபடி நீ கூப்பிட்டபோது சார்ஜ் இல்லை என்றேன். நீ சொன்னதற்குப் போனில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மாடி அத்தை சாகப்போகிறாள் என்றாய். உன் சீரியலில் அத்தையாக நடிக்கும் நடிகைக்கு வேறு சீரியலில் பெரிய வேடம் கிடைத்துவிட்டதாம். சேனல்காரர்கள் ஆளைச் சாகடித்துவிடச் சொல்லிவிட்டார்கள். அந்த எபிசோடை எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. "எழுதிக் குடுத்துட்டு நானும் கெளம்பிடுறேன்பா. போதும்" என்றாய். அதே மூச்சில் புத்தாண்டுத் தீர்மானத்தையும் வாசித்தாய்: இனி குப்பை பார்ப்பதில்லை, குப்பை எழுதுவதில்லை, சொந்தமாக ஒரு படம் எழுதப்போகிறேன்.

தீர்மானத்தில் ஒரு முறைகேடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் ஆளுக்கு இரண்டு தீர்மானம். பார்ப்பதில் ஒன்று, செய்வதில் ஒன்று. பார்ப்பது அவரவர் விருப்பம். செய்வதை அடுத்தவர்தான் விதிக்க வேண்டும். அம்மா போட்ட சட்டம் இது. நீ இரண்டையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

ஒரு வருஷம் நான் எடுத்த தீர்மானம் நினைவிருக்கும். படம் பார்க்கும்போது, இப்படியெல்லாம் லிஃப்ட் ஓடாது என்று சொல்வதில்லை. "ஒரு படம் முழுசும் நீங்க வாயத் தெறக்காம பாத்துட்டா, இந்தத் தெருவுக்கே உங்க பேர வெக்கச் சொல்றேன்" என்றாள் அம்மா. இடைவேளை வரை தாக்குப்பிடித்தேன். பிறகு வில்லன் லிஃப்டின் கம்பியை அறுத்தான். ஒரு கம்பி அறுந்தால் லிஃப்ட் விழாது, மற்ற கம்பிகள் தாங்கும் என்று பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். அந்த வருஷம் நான் அவளுக்கு விதித்தது ஒரு விளம்பரப் பாட்டு. நம் கட்டடத்தின் தண்ணீர் ஏற்றாத மோட்டாரைப் புகழ்ந்து எழுதினாள். கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் பாடித் திரிய, கட்டடச் சொந்தக்காரர் மேலே ஏறி வந்து இதை எழுதியது யார் என்று கேட்டார். "நல்லா இருக்கா?" என்றுதான் அவள் பதிலுக்குக் கேட்டாள்.

அவள் உனக்கு முதன்முதலில் விதித்தது மறந்திருக்கலாம். ஏதோ ஒரு படத்தில் கதாநாயகனின் அம்மா செத்துப்போனதற்கு இரண்டு நாள் சோறு வேண்டாம் என்று அழுதாய். முடிவை மாற்றி நடித்துக் காட்டு என்றாள். நீ அலமாரியிலிருந்த தலையணை உறைகளையெல்லாம் இழுத்துப் போட்டு நாடகம் நடத்தினாய். உன் முடிவில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது, எல்லாரும் ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்றாள். நீ எழுதிய முதல் வசனம் அதுதான்.

இனி குப்பை விஷயம்.

உன் சீரியலை நான் பார்ப்பது உனக்குத் தெரியும். எபிசோடுக்கு எபிசோடு குறை சொல்லியிருக்கிறேன். அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் மேலே போகும்போது கீழ்நோக்கிய அம்பு எரிகிறது என்று எத்தனை தடவை சொன்னேன். "அது லிஃப்டே இல்லப்பா. பிளைவுட் கதவு. பின்னாடி ரெண்டு பேர் நின்னு இழுக்குறாங்க" என்று நீ சொன்ன பிறகும் மனசு ஒப்பவில்லை. பிளைவுட்டாக இருந்தாலும் அம்பு அம்புதானே.

ஆனால் எப்படிப் பார்க்க ஆரம்பித்தேன் என்று நான் சொன்னதில்லை. தொடக்கத்தில் பார்க்கவில்லை. மகள் எழுதுகிறாள் என்பதற்காக அந்த அழுகையையும் இடிமுழக்கத்தையும் சகிக்க முடியாது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும். கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கத் தையல்காரர் கடைக்குப் போயிருந்தேன். அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாடி வீட்டு அத்தை தன் புருஷனிடம், "உங்களுக்குக் கோபம் வந்தா டீ ஆறிப்போவும். வேற ஒண்ணும் ஆவாது" என்றாள்.

கால்சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். தையல்காரர் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க வீட்டம்மா மாதிரியே பேசுதே சார் இந்தப் பொம்பள" என்றார். மாதிரி இல்லை, அது அவள் பேச்சேதான் என்று நான் சொல்லவில்லை. நீளம் குறைக்கச் சொல்ல வந்ததையே மறந்து, துணியோடு திரும்பிவிட்டேன்.

மறுநாளிலிருந்து பார்க்கிறேன். பாட்டுச் சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று முதலில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். பிறகு தையல்காரர் வந்தார். மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பாங்க்காரரும் வந்தார். மூன்று ஆண்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்த்தால் கட்டடத்தில் என்ன நினைப்பார்கள்? அதனால் திறந்துவிட்டோம். எங்களுக்கு மாமியார் கதையும் வேண்டாம், சொத்து வழக்கும் வேண்டாம். அத்தை எப்போது வருவாள் என்று காத்திருப்போம். சில நாள் வரவே மாட்டாள். சில நாள் ஒரே வரி பேசிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன்.

நீயும் என்னிடம் சொல்லவில்லை, நானும் உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். நீ எதற்குப் பயந்தாய் என்று தெரியவில்லை.

அவள் சாகப்போகும் செய்தியை அவர்கள் இருவரிடமும் சொன்னேன். பாங்க்காரர் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பவர். "இதுக்கு ஏன் கொல்லணும்? வேற ஆளப் போட்டு, இனி இவருக்குப் பதில் இவர்னு ஒரு வரி ஓட விட்டாப் போச்சு" என்றார். தையல்காரர் அவரை முறைத்தார். "சார் முன்னாடி பேசுற பேச்சா இது?" என்றார். பாவம், பாங்க்காரர் அதற்குப் பிறகு டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அம்மாவின் சட்டப்படி நீ எனக்கு விதித்த தீர்மானம் ஒன்று என்மேல் இருக்கிறது. "குறை மட்டும் சொல்றீங்கல்ல, இந்த வருஷம் நீங்க ஒரு சீன் எழுதுங்க" என்றாய். சரி, எழுதுவோம், அத்தையைச் சாகவிடாத ஒரு காட்சியை எழுதி அனுப்புவோம் என்று உட்கார்ந்தேன். அத்தையை வெளிநாட்டிலிருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். நன்றாக இல்லை. அவளுக்குத் தங்கையே கிடையாது என்று உன் கதையில் ஏற்கெனவே வந்திருக்கிறது. வேறு ஒன்றும் வரவில்லை. கடைசியில், பார்த்ததைத்தான் எழுத முடிந்தது. அன்று நீ இங்கே இல்லை. அதனால் இது உனக்குத் தெரியாது.

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இரண்டு பேர் வந்தார்கள். நம் லிஃப்ட் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். சக்கர நாற்காலியும் அவர்கள் இருவரும் ஏறியதும் இடமில்லை. நான் படியில் இறங்க வேண்டியதுதான். கதவு மூட ஆரம்பித்தது. நான் காலை உள்ளே வைத்தேன். கதவு திரும்பத் திறந்தது. மறுபடி மூட வந்தது. மறுபடியும் வைத்தேன். இதைச் செய்யாதீர்கள், கதவு கெட்டுவிடும் என்று நான் திட்டாத கட்டடம் இந்த ஊரில் இல்லை.

அம்மா என் செருப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கால எடுங்க. மேல ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள்.

எடுத்தேன். கதவு மூடியது. நான் படியில் இறங்கினேன். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை.

இதுதான் நான் எழுதிய காட்சி. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். அத்தையைச் சாகடிக்காதே என்று உன்னிடம் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இப்போது அதைக் கேட்கவில்லை. சேனல்காரர்கள் சொன்னபடி செய். ஆனால் செய்வதற்கான உன் தீர்மானத்தை விதிக்கும் உரிமை எனக்கு உண்டு. உன் படத்தை எழுது, கட்டாயம் எழுது. அதற்கு முன்னால், இந்த எபிசோடைக் குப்பை என்று நினைக்காமல் எழுது. ஆஸ்பத்திரிக் கட்டில், குழாய், இடிமுழக்கம் எதுவும் வேண்டாம். அவள் அந்த வரியைச் சொல்லட்டும், கதவு மூடட்டும். அங்கேயே நிறுத்திவிடு. கதவை இழுப்பவர்களை மெதுவாக இழுக்கச் சொல். கீழ்நோக்கிய அம்பு எரியட்டும். அந்த ஒரு தடவையாவது அது சரியாக எரிந்துவிடும்.

பார்ப்பதில் என் தீர்மானம்: அன்றைக்கு மட்டும் நான் குறை சொல்லப்போவதில்லை. முழுதாக வாயை மூடிக்கொண்டு பார்ப்பேன். தையல்காரரும் பாங்க்காரரும் சாட்சி.

உன் கைக்கு வேலை ஓயாமல் இருக்கட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. எழுதி முடித்ததும் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. லிஃப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது.

அன்புடன்,
அப்பா