ராணி கலர் நூல்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பிரிப்பதற்கு முன்பே பாச்சா உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பிரித்தால் என் கிளிகள். கட்டம் கட்டமான மேட்டி துணியில் குறுக்குத் தையலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் பச்சைக் கிளிகள், சுற்றிலும் ராணி கலரில், அந்த அடர்ந்த ரோஜா நிறத்தில், பூக்கொடி.

"அம்மா ஞாபகமா ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினோம் சித்தி. இது உங்களுக்கு. அம்மா கையால போட்டது" என்றாள்.

நான் போட்ட மேஜை விரிப்பை, நீ போட்டதாகச் சொல்லி, உன் நினைவாக என்னிடமே கொடுக்கிறாள். நீ உயிரோடு இருந்த காலத்தில்கூட என்னை இவ்வளவு நேர்த்தியாக மட்டம்தட்டியதில்லை. செத்த பிறகு கை தேறியிருக்கிறாய்.

கூடவே மூடி போட்ட கண்ணாடி பாட்டில் ஒன்றும் கொண்டு வந்திருந்தாள். அதில் என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நாம் செவ்வாப்பேட்டையில் இருந்த வீடு நினைவிருக்கிறதா? ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், முன்னால் ஓடு, பின்னால் கூரை. நைனா விடிந்தும் விடியாமலும் ஆவடிக்கு ரயில் ஏறிவிடுவார். அம்மா அடுப்படியில். நீ கண்ணாடி முன்னால். நான் கொல்லைப் பக்கத்து ஜன்னலோரம் ஊசியும் நூலுமாக. நம் வீட்டில் ஆளுக்கொரு இடம் இருந்தது, உன் இடத்தில் மட்டும் வெளிச்சம் அதிகம்.

அந்த ஜன்னல்தான் எனக்குப் பள்ளிக்கூடம். கிணற்றடிக்குப் பின்னால் வேலியோரம் ஒரு பூவரசு, துவைக்கிற கல், நைனா வைத்த ரோஜாச் செடி. ரோஜா இலைகளில் யாரோ கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியதுபோல் ஓட்டைகள் விழும். அம்மா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் திட்டுவாள். ஒரு நாள் பார்த்தேன், ஒரு தேனீ வந்து உட்கார்ந்து, சுற்றி வெட்டி, துண்டைக் காலிடுக்கில் சுருட்டிக்கொண்டு பறந்தது. பிளவுஸுக்குக் கை வெட்டும் டெய்லர்கூட அவ்வளவு வளைவாக வெட்டமாட்டான். ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். "அதுக்கு நான் இன்னா பண்ணணும்? மால போடணுமா?" என்றாய். இப்போது நினைத்தால், உன் வாயிலிருந்து வந்ததில் கொஞ்சம் சுவையாக இருந்தது அது ஒன்றுதான்.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரிசையாகக் காபி குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அம்மா பெரியபாளையத்து அம்மனிடம் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவதாகச் சொன்னதெல்லாம் உனக்காக. இந்த இடமும் தட்டிப்போனால் ஊரே பேசும் என்று நைனா சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்ததை நானும்தான் பார்த்தேன். உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. உன் புத்திதான் புரியவில்லை.

அந்த நாட்களில் பெண் பார்க்க வந்தால் பலகாரத்துக்கு முன்னால் கைவேலை வரும். பெஞ்சில் வெள்ளைத் துணி விரித்து மேஜை விரிப்பு, ஒயர் கூடை, மணி கோத்த வாத்து, தலையணை உறை எல்லாவற்றையும் கடை பரப்புவார்கள். "எல்லாம் பொண்ணு போட்டது" என்று ஒரு வார்த்தை. நம் வீட்டில் அந்த வார்த்தையை அம்மா சொல்வாள், நீ தலையைக் குனிந்துகொள்வாய். வெட்கம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வெட்கப்பட வேண்டியதுதான், ஆனால் உனக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் ஊசியின் எந்தப் பக்கம் என்று கேட்பவள் நீ. எல்லாம் நான் போட்டது. விரிப்பின் ஓரத்தில் உன் பெயரின் முதல் எழுத்தை ராணி கலரில் போடச் சொன்னதும் அம்மாதான். போட்டேன். வீட்டில் யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, போடு என்றார்கள்.

அந்த ராணி கலர் நூலின் வெட்டுத் துண்டுகளை ஜன்னல் கட்டையில் வைப்பேன். மறுநாள் இருக்காது. காற்று என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு துளி குருவி, கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், தொண்டை மட்டும் ஊரைக் கூட்டும். என் நூலைக் கவ்விக்கொண்டு பூவரசுக்குள் போனது. பின்னாலேயே போனேன். அங்கே இரண்டு இலைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அலகால் ஓட்டை போட்டு, என் நூலை விட்டு இழுத்துத் தைத்திருந்தது. உள்ளே பஞ்சு. நான் தையல் படித்தது பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம், அது யாரிடம் படித்ததோ. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. உன்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "இதுக்கா கூப்ட்ட? பேஜாரு புடிச்சவளே, வெயில்ல முகம் கறுத்துடும்" என்று உள்ளே போய்விட்டாய். சில நாளில் முட்டையும் வந்தது. அதையும் உன்னிடம்தான் சொன்னேன். சொல்ல வேறு ஆள் இல்லை.

அப்போதுதான் கும்மிடிப்பூண்டியிலிருந்து அவர்கள் வந்தார்கள். அங்கே புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. பையனுக்கு அவற்றில் ஒன்றில் நிரந்தர வேலை. அவனுடைய அம்மா, பிறகு உன் மாமியார், வெற்றிலைச் சிவப்போடு வந்து உட்கார்ந்தாள். பெஞ்சிலிருந்த கிளிகளைப் பார்த்தாள். தடவிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் எல்லா ஊட்லயும் வெச்சினுதான் கீறாங்க" என்றாள். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. என்னுடையதும்தான். ராத்திரி பகலாகக் கண் வலிக்கப் போட்டவள் நான் அல்லவா.

கை கழுவ அந்த அம்மாள் கொல்லைக் கதவடிக்குப் போனாள். நீ சொம்பில் தண்ணீர் ஊற்றினாய். அங்கிருந்தே பூவரசில் ராணி கலர் அவள் கண்ணில் பட்டது.

"இன்னாம்மா அது, எலைய நூல்ல தெச்சாப்பல கீது? அதுவும் உன் கைவேலையா?"

கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ சிரித்துவிட்டு, இல்லை அத்தை, குருவிக்கூடு என்று சொல்வாய் என்று காத்திருந்தேன்.

"ஆமா அத்தே. பொழுது போவலன்னா எலகூடத் தெப்பேன்" என்றாய்.

வாய் கூசவில்லை உனக்கு. என் கிளியைப் பிடுங்கிக்கொண்டாய், சரி, தங்கச்சியுடையது. ஒரு குருவியின் கைவேலையையுமா? ஊர் உலகத்தில் பிறர் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர்கள் நிறைய பேர் உண்டு. பறவையிடம் திருடியவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான்.

அந்த அம்மாளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பிறந்த வீட்டில் கல்யாணங்களுக்கு மந்தார இலை தைத்துக் கொடுப்பார்கள். இலையைப் பார்த்தால் தையல்தான் அவள் கண்ணுக்குத் தெரியும், கூடு தெரியாது. "எங்கம்மா ஈர்க்குல தெப்பா. நூல்ல தெச்சி நான் பாத்ததே இல்ல. கொண்டா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

நீ பூவரசை நோக்கி நடந்தாய். நான் ஓடி வந்து உன் கையைப் பிடித்தேன். "உள்ள முட்ட கீது அக்கா" என்றேன்.

"எனக்கு வாழ்க்க அமையப் போவுது. உனக்கு முட்ட பெருசா பூட்ச்சா? கைய வுடுடி."

காம்போடு பறித்தாய். துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்துத் தட்டினாய். வெளிர் நிறத்தில் புள்ளி போட்ட, புளியங்கொட்டை அளவுகூட இல்லாத முட்டைகள். ஒன்று உள்ளேயே உடைந்துவிட்டது. முந்தானையால் துடைத்து, பஞ்சு தெரியாமல் உள்ளே அழுத்திவிட்டு, முகத்தில் சிரிப்பை ஏற்றிக்கொண்டு உள்ளே போனாய்.

அந்த அம்மாள் விரலால் தடவிப் பார்த்தாள். "ஈரமா கீதே?"

"வாடாம இருக்கத் தண்ணி தெளிச்சி வெச்சேன் அத்தே."

"இன்னா நெருக்கமா தெச்சிகீது பாருடா" என்று மகனிடம் நீட்டினாள். "கண்ணுக்கே முடிச்சி தெரியல. இந்தக் கை நம்ம ஊட்டுக்கு வரணும்." அங்கேயே தட்டு மாற்ற நாள் பார்க்கச் சொல்லிவிட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்ற பார்வை. நைனா அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

உன் கல்யாணத்தை முடித்து வைத்தது ஒரு குருவி, அக்கா. சீர் செனத்தி எதுவும் அதற்கு யாரும் செய்யவில்லை. இருட்டும் வரை அது பூவரசுக்கும் கல்லுக்குமாகப் பறந்து கத்திக்கொண்டே இருந்தது. நீ உள்ளே புடவைக்கு என்ன கலர் என்று பேசிக்கொண்டிருந்தாய்.

கல்யாணத்துக்குப் பிறகு உனக்குக் கண்வலி வந்தது. ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும் என்றாய். உன் மாமியார் பாவம், ஊரிலுள்ள வைத்தியர்களிடமெல்லாம் உன்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். இலை தைக்கிற மருமகள் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவளுக்குக் கடைசிவரை இன்னொரு இலை கிடைக்கவில்லை. நீ பொய்யிலாவது உறுதியாக நின்றாய், அந்தக் கண்வலி சாகும்வரை உன்னை விட்டுப் போகவில்லை.

இதோடு விட்டிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். என் முறை வந்தது. திருநின்றவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நீ தாலியும் மெட்டியுமாக, மாமியாரையும் அழைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். என் பழைய வேலைகள் எல்லாம் உன் சீதனத்தோடு போயிருந்தன. புதிதாகப் போட்டுக்கொண்டிருந்த விரிப்பு ஒன்றுதான் பெஞ்சில் இருந்தது. அதே கிளிகள், அதே பூக்கொடி. உன் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "இதுவும் அதே கையாட்டம் கீதே" என்றாள். இலை தைப்பவர்களின் கண், தப்பவில்லை.

உன் முகம் வெளுத்தது ஒரு கணம்தான்.

"அது நான் பாதியில வுட்டுட்டுப் போனது அத்தே. இவளுக்கு ஊசி புடிக்கவே தெரியாது. பூச்சி, புழு, குருவின்னு கொல்லையிலயே குந்திக்கினு கெடப்பா" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். வந்தவர்களும் சிரித்தார்கள். அம்மா காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த இடம் அமையவில்லை. அதனால் நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பிறகு வந்தவர் என் கைவேலை எதையும் கேட்காத நல்ல மனுஷர். ஆனால் ஒருத்தி செய்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு, அவளுக்கு ஒன்றும் செய்யத் தெரியாது என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உன் மேலிருந்த மரியாதை அன்றே போயிற்று. திரும்ப வரவில்லை, இப்போதும் வரவில்லை.

நான் தையலை விடவில்லை. உனக்காக நான் ஏன் விட வேண்டும்? எப்போதாவது நீ என் வீட்டுக்கு வந்தால், என் தலையணை உறைகளைக் காட்டி, "நான் குடுத்ததுதான்" என்று உன் மகளிடம் சொல்வாயாம். அவளே சொன்னாள். அதைக் கேட்டுச் சிரிப்புதான் வந்தது. நீ செத்த செய்தி வந்தபோது அழுதேன், அது வேறு. அழுதது கூடப்பிறந்தவளுக்காக, என் கைவேலையைப் பிடுங்கிக்கொண்டவளுக்காக இல்லை.

இப்போது அந்த பாட்டில். உன் மகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "இத அம்மா எலையிலயே தெச்சாங்களாம் சித்தி. கும்மிடிப்பூண்டி பாட்டி சாவுற வரைக்கும் ஊட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டும்."

உள்ளே அதே இலைகள், காய்ந்து வறட்டி நிறத்தில். நூல் மட்டும் வெளுத்துப்போய் இன்னும் ராணி கலரின் சாயலில்.

"அது குருவிக்கூடும்மா" என்றேன். "உங்கம்மா தெக்கல. நானும் தெக்கல. குருவி தெச்சது."

சிரித்தாள். பிறகு மூடியைத் திறந்து சாய்த்துப் பார்த்தாள். பஞ்சு, பஞ்சோடு ஒட்டிக்கொண்டு நகத்துணுக்கு மாதிரி ஒரு முட்டை ஓடு. அதில் புள்ளிகள். மூடியைப் போட்டாள். அப்புறம் என் மடியிலிருந்த விரிப்பைப் பார்த்தாள்.

"அப்போ கிளி?"

"நான் போட்டது."

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. சொன்ன பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, நெஞ்சில் மட்டும் லேசாக இருந்தது. ஒரு கிளியின் மூக்கில் தையல் பிரிந்திருந்தது. ஊசிப் பெட்டியை எடுத்தேன்.

"உங்களுக்கு ஊசி புடிக்கவே தெரியாதுன்னு அம்மா சொல்லுவாங்களே" என்றாள், என் விரல்களைப் பார்த்துக்கொண்டே.

"உங்கம்மா நெறைய சொல்லுவா" என்றேன்.

மூக்கைத் தைத்து முடித்தேன். ஊசி கையில் இருந்தது. ஓரத்தில் உன் பெயரின் முதல் எழுத்து இருந்தது. ஒவ்வொரு தையலாக நெம்பிப் பிரித்தேன். உன் மகள் தடுக்கவில்லை. விரிப்பை நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.

என் கொல்லையில் பூவரசு இல்லை, ஒரு கொய்யா இருக்கிறது. காலையில் அதில் அந்தக் கத்தல் கேட்கும், வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அதே ஜாதி. கேட்கும்போதெல்லாம் துவைக்கிற கல் கண்ணில் வரும். பிரித்த நூல் துண்டுகளை ஜன்னல் கட்டையில் வைத்தேன். அடுத்த நாளும் கிடந்தன. அதற்கடுத்த நாள் பார்த்தேன், காணவில்லை.

போய்த் தேடினேன். கொய்யா இலையில் தெரிகிறது, ராணி கலர். உன் பெயர் முதல் தடவையாகப் பொய்யில்லாமல் ஒரு கைவேலையில் சேர்ந்திருக்கிறது, அக்கா. முட்டை வைக்கட்டும். யாரையும் கிட்டே விடமாட்டேன்.