சீன் படுதாவுக்கு ஒரு கடல்

18 அக்டோபர் 1961, புதன்

விட்டு விட்டுத் தூறல். காலை முழுவதும் மூட்டை கட்டல். பெரிய கேமரா, ஸ்டாண்டு, கறுப்புத் துணி, நெகடிவ் பிளேட் பெட்டி. இவருக்கு வேட்டி, எனக்குப் புடவை, புளிச்சோறு, எலுமிச்சை ஊறுகாய், குடை. குடையை மறந்து பாதித் தெருவில் திரும்பி ஓடினேன். பிள்ளைகள் அகரத்தில் அம்மாவிடம். சின்னவன் அழவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

போவது முட்டம். கன்னியாகுமரிப் பக்கத்துப் பாறைக் கடற்கரை. காரணம், எங்கள் ஸ்டூடியோவின் சீன் படுதா. நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் தாஜ்மஹால் கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட்டுப் போட்டு மும்தாஜ் சமாதி கோணல். தீபாவளிக் கூட்டம் வருவதற்குள் புதுப் படுதா வேண்டும். ஊரில் மற்ற ஸ்டூடியோக்களில் எல்லாம் தென்னை மரம், நிலா, ஓடம். "அதெல்லாம் குளம் பிலோமி. நம்ம கடையில பாறையில அலை மோதணும்" என்கிறார் இவர். வரையப் போகிற பெயிண்டர் சுப்பையா கடலைப் பார்த்ததே இல்லை. போட்டோவைப் பார்த்துத்தான் வரைவாராம்.

நான் கூடப் போவதற்கு முட்டத்து டீச்சர் செலின் காரணம். என்னோடு டிரெயினிங் படித்தவள். அவள் வீட்டில் தங்கல். அவள் டீச்சர் ஆனாள். நான் கல்யாணம் கட்டி டச்சிங் பழகினேன். நெகடிவ் மேல் பென்சில் வைத்து, பரு, தழும்பு, அம்மைக் குழி எல்லாவற்றையும் மறைக்கிற வேலை. திண்டுக்கல்லில் பாதிப் பெண்களுக்கு அழகு கொடுத்தது கர்த்தருக்கு அடுத்தபடி நான்தான்.

மதுரையில் வண்டி நின்றது. "என்ன ஸ்டேஷன்?" என்றார். போர்டு அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே. தூக்கக் கலக்கம் போல.

19 வியாழன்

திருநெல்வேலியிலிருந்து பஸ். வழி முழுக்கத் தண்ணீர், பச்சை. நம் பக்கம் குடத்தோடு சண்டை, இங்கே வாய்க்காலில் எருமை குளிக்கிறது. பொறாமை.

செலின் (இனி செ.) பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டாள். "ஏட்டி, இம்புட்டு தடிச்சிட்டியே!" என்றாள், இவர் முன்னாலேயே. இவர் கேமராப் பெட்டியைப் பார்ப்பது போல் சிரிப்பை அடக்கினார்.

சாயங்காலம் கடல். எனக்கு இதுதான் முதல் தடவை. முதலில் இரைச்சல், பிறகு வாடை, அதற்குப் பிறகுதான் கடல். ஒன்றும் தோன்றவில்லை. பெரிது, அவ்வளவுதான். ஆனால் நெடுநேரம் வாயைத் திறந்தபடி நின்றேன் என்கிறாள் செ.

மீன் குழம்பு. தேங்காய் அதிகம். இவர் முள்ளை எடுக்கத் தடவித் தடவிச் சாப்பிட்டார்.

20 வெள்ளி

காலையில் மேகம், மதியம் வெயில். பாறைகள் கருப்பு, சில சிவப்பு. கலங்கரை விளக்கம் பக்கம் உயரத்திலிருந்து ஒரு பிளேட், கீழே இறங்கி ஒரு பிளேட். ஸ்டாண்டை நான் சுமந்தேன். வலது தோள் வலி.

இவர் கறுப்புத் துணிக்குள் போனால் வெளியே வர இவ்வளவு நேரம் ஆனதில்லை. என்ன என்று கேட்டால் "வெளிச்சம் மாறுது" என்கிறார். துணிக்குள் நான் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டுமா என்றேன். "பொம்பளைக்கு என்ன அங்க?" கல்யாணமான நாளிலிருந்து இதே பதில்தான். உள்ளே ஏதோ கோயில் கருவறை இருப்பது போல.

வெயில் ஏறினால் தலைவலி என்கிறார். செ. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

21 சனி

நல்ல வெயில், காற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறை மேல் என்னை நிற்கச் சொன்னார். கையில் வெள்ளைத் துண்டு. வெளியூர்க் கல்யாண வீடுகளிலும் இப்படித்தான் யாரையாவது நிறுத்தி, துண்டைப் பார்த்து ஃபோகஸ் வைப்பார். பிறகு ஆளை விலகச் சொல்லிவிட்டு எடுப்பார். நின்றேன். இவர் துணிக்குள். செத்த நேரத்தில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார். "எக்கா! எறங்கு எக்கா! அலை வருது!" புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். இடுப்பு வரை நனைந்துவிட்டேன். மூச்சு வாங்க இவர் முதுகுப் பக்கம் வந்து நின்றேன்.

துணிக்குள்ளிருந்து சத்தம். "ஆ, அப்படியே நில்லு. அசையாத. இப்பத்தான் சரியா இருக்கு."

பாறை மேல் யாரும் இல்லை. நுரை மட்டும் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

 அலை உள்வாங்கியதும் திரும்பிப் போய் அதே பாறையில், அதே துண்டோடு நின்றேன். வலைக்காரர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். இவர் துணியை விலக்கி வெளியே வந்தபோது நான் நிற்க வேண்டும், அவ்வளவுதான் மனதில். "சரி, எறங்கு" என்றார். இறங்கினேன். பயம் அப்போதுதான் வந்தது. அலைக்கு இல்லை.

மதியம் படுத்தபடி யோசனை. இந்த வருஷக் கல்யாண நெகடிவ்கள் ஞாபகம் வந்தன. முகம் எல்லாம் கலங்கல். பென்சிலால் நானே மூக்கு, நானே கண் வரைந்து நிமிர்த்தினேன். "பொண்ணு அசைஞ்சிட்டா", "பிளேட்டு பழசு" என்பார். நானும் நம்பி, பிளேட் விற்கிறவரைக் கடையில் வைத்தே திட்டினேன். பாவம் அந்த மனிதர்.

ஸ்டூடியோவுக்குள் எடுத்தது மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அதற்கும் விடை கிடைத்தது. நாற்காலிக்குத் தரையில் கோடு. கேமரா அடிக்கட்டையில் கத்திக் கீறல். கோட்டில் ஆள், கீறலில் லென்ஸ். கண்ணே வேண்டாம். இங்கே பாறையில் யார் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்?

22 ஞாயிறு

பூசைக்குப் போனோம். கோயில் நிறைய ஆட்கள், நிறைய மீன் வாடை. படிக்கட்டில் இவர் என் தோளைப் பிடித்தார். முன்பெல்லாம் ஊர் பார்க்கத் தொடமாட்டார்.

செ.விடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதேன். பக்கத்து ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இருக்கிறாராம். "புரையா இருந்தா எடுத்துப் போடுவாவ. தாமசிக்காத, கேட்டியா" என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக ஆரம்பித்தேன்.

"உங்களுக்குத் தலைவலி வருதில்ல, நாளைக்குக் காலையில அந்த ஆஸ்பத்திரியில..."

"எனக்கென்ன? உனக்குத்தான் வயசாகுது."

"ஏங்க, கண்ணை ஒரு தடவை..."

"யாரு சொன்னா கண்ணுன்னு?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல் நிலையில் முட்டிக்கொண்டார். நான் பார்க்காதது போல் தட்டை எடுத்தேன்.  கோபம் எனக்கு. கண் போனதற்கு இல்லை. என்னிடம் மறைத்ததற்கு. இந்தக் கையால்தானே ஒவ்வொரு கலங்கல் முகத்தையும் நிமிர்த்திக் கொடுத்தேன்.

23 திங்கள்

கடைசிக் காலை. மேகம் உடைந்து நல்ல வெளிச்சம். கடல் நேற்றைவிட முரடு. பாறைக்கு வரும் வழியில் பேச்சில்லை. ஸ்டாண்டை ஊன்றினார், துணிக்குள் போனார், வந்தார், மறுபடி போனார். பிறகு வெளியே வந்து பாறையில் உட்கார்ந்து வேட்டியில் கையைத் துடைத்தார்.

"பிலோமி. கண்ணாடியில தூசி இருக்கான்னு பாரு."

கேமராவுக்குப் பின்னால் படம் விழுகிற தேய்த்த கண்ணாடியைச் சொன்னார். முதல் தடவையாகத் துணிக்குள் போனேன். இருட்டு, இவர் தலை எண்ணெய் வாசனை. கண்ணாடியில் கடல் தலைகீழாக. வானம் கீழே, பாறைகள் மேலேயிருந்து தொங்குகின்றன, அலை மேல் பக்கம் போய் விழுகிறது. எல்லாம் பாலில் கரைத்த மாதிரி. கடல் ஒரு பக்கம் சாய்ந்து வேறு இருந்தது. ஸ்டாண்டு காலை நிமிர்த்தினேன். திருகைத் தொட்டேன். திருகத் திருகப் பாறையின் கீறல்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிப்பி ஒட்டியிருந்தது கூடத் தெரிந்தது. டச்சிங் கண் எனக்கு, தப்பாது.

வெளியே வந்தேன்.

"தூசி இருந்துச்சா?"

"இருந்துச்சு. தொடச்சிட்டேன்."

"சரி" என்றார். பிளேட்டைச் சொருகினார், அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்று ஷட்டரின் ரப்பர் குமிழை அழுத்தினார். அழுத்திய நேரம் அற்புதம். அதை நான் செய்திருக்க முடியாது.

மத்தியானம் பஸ். செ. கருவாடு கட்டிக் கொடுத்தாள். பஸ் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

25 புதன், திண்டுக்கல்

மழை இல்லை. குழாயில் தண்ணீரும் இல்லை. வாளித் தண்ணீரை வைத்தே பிளேட்டுகளைக் கழுவினோம்.

எல்லாம் கலங்கல். எல்லாவற்றிலும் கடல் சாய்ந்து, தண்ணீர் ஒரு ஓரமாகக் கொட்டிவிடும் போல. திங்கட்கிழமைப் பிளேட் மட்டும் ஊசி முனை. பாறையில் மோதி விரிந்த அலை, மேலே திரண்ட மேகம். பிரிண்ட் போட்டு வைத்தேன்.

சாயங்காலம் சுப்பையா வந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். மேகம் எது, நுரை எது என்று பிடிபடவில்லை அவருக்கு. கடைசியில் தலைகீழாக இவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இப்படித்தானேண்ணே?"

"ஆமாப்பா. அப்படியே வரைஞ்சிரு. அந்த அலை வரணும், அதான் முக்கியம்."

நான் எழுந்து போய் படத்தை நேராகத் திருப்பிக் கொடுத்தேன்.  சுப்பையா இவர் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காப்பி கூடக் குடிக்காமல் எழுந்தார். "நான் பாத்துக்கிறேன் அக்கா" என்றார். இதுவரை அவர் என்னிடம் படுதாவைப் பற்றிப் பேசியதே கிடையாது.

29 ஞாயிறு

அடைமழை. துணி காயவில்லை. பிள்ளைகளை அழைத்து வந்தாயிற்று, வீடு இரைச்சல். கருவாடு தீர்ந்தது.

சுப்பையா பின்கட்டுத் தாழ்வாரத்தில் படுதா வரைகிறார். கடலுக்குச் சலவை நீலம் கலந்துவிட்டார். அலை கோழி இறகு மாதிரி. ஆனாலும் கடல்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் முரடா, இன்னும் முரடா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தீபாவளி நெருங்குகிறது. பெரிய குடும்பங்கள் அறைக்குள் அடங்காது. பின்கட்டில் வெளிச்சத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். அங்கே கோடு கிடையாது. படம் கெட்டால் கடைப் பெயர் போகும். அதைவிட, ஊர் முன்னால் இவர் முகம் என்ன ஆகும் என்பதுதான் கவலை. நான் எடுக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். தெரியாது என்பது போல் இருப்பதும் முடியவில்லை.

மதியம் இவர் தூங்கும்போது துணிக்குள் போய், வீட்டுக்குள் கொடியில் காயாமல் தொங்கும் பாவாடைக்கு ஃபோகஸ் வைத்துப் பார்த்தேன். வெளியே வந்தால் இவர் புரண்டு படுத்திருந்தார். தூக்கமா இல்லையா தெரியாது.

4 நவம்பர், சனி

நல்ல வெயில். கடையில் கூட்டம். அலைப் படுதாவுக்கு முன்னால் நிற்க ஒரே போட்டி.

பதினோரு மணி போல் சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம். பேரன் ராணுவத்துக்குப் போகிறானாம், அதனால் ஊரில் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள். அறைக்குள் நிற்க இடமில்லை. பின்கட்டுக்குப் போனோம். இவர் எப்போதும் போல் ஆட்களை நிறுத்தினார். "பெரியவரே, மீசையைத் தூக்குங்க. ஏலே, நீ முன்னால வா. ஆத்தா, சிரிக்கணும், பேரன் சண்டைக்கா போறான், பொங்கலுக்கு வந்துருவான்." எல்லோரும் சிரித்தார்கள். குரலை வைத்தே ஒவ்வொருவரையும் எங்கே நிறுத்துவது என்று தெரிகிறது இவருக்கு. நான் பிளேட்டை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். 

கேமராவுக்குப் பின்னால் வந்தார். துணியைத் தூக்கினார். உள்ளே போகவில்லை. தூக்கிப் பிடித்தபடியே "வா" என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு குனிந்து உள்ளே போனேன். துணியை என் தலைமேல் விட்டு ஓரங்களைச் சரி செய்தார்.

பெரியவர் குரல். "என்னப்பு, அந்தப் பிள்ளையா எடுக்குது?"

"ஆமாங்கய்யா. எனக்குக் கண்ணு தெரியல. பங்குனியில இருந்தே தெரியல. தீபாவளி கழிச்சு மதுரைக்குப் போய் டாக்டர்ட்ட காட்டணும்."

யாரோ "அடப் பாவமே" என்றார்கள். இவர் "பாவம் என்ன பாவம், படம் நல்லா வரும், நேரா பாருங்க" என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பங்குனியிலிருந்து. யாரோ சித்தையன்கோட்டைக்காரரிடம் சொல்லிவிட்டார். நான் உள்ளே இருந்தேன். கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியில் குடும்பம் முழுவதும் தலைகீழாகக் கலங்கித் தெரிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு திருகைத் திருப்பினேன்.

"சரியா இருக்கா?" என்றார் வெளியிலிருந்து.

"செத்த பொறுங்க" என்றேன்.