ஜீப்பின் வயிறும் அக்காவின் முழங்காலும்

மலையடியில் எலுமிச்சை நிழலில் படுத்திருக்கும் என் அத்தானுக்கு,

உங்கள் ஜீப் இப்போது மேலப்பாளையத்தில் ஒரு பட்டறையில், நாலு சக்கரமும் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பதற வேண்டாம். விற்கவில்லை. உயர்த்துகிறேன். லிஃப்ட் கிட் என்கிறார்கள். அடியில் வண்டியைத் தாங்குகிற புதுக் கமான் பட்டைகள், நீளமான ஷாக் அப்சார்பர்கள், அதற்கேற்ற போல்ட்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. அதை மாட்டினால் வண்டியின் உடம்பு தரையிலிருந்து எழும்பி நிற்கும்.

நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள். அந்த ஜீப்பில் ஏறும்போதெல்லாம் கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துவிட்டு உட்காருகிறவன் நான். ஆடி பிறந்ததிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. கல்லூரியில் சக ஆசிரியர்கள் என்னைக் கண்டால் விலகிப் போகிறார்கள். முன்பும் அப்படித்தான் போனார்கள் என்பது வேறு விஷயம். இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

விஷயம் இதுதான். ஆவணியில் உங்களுக்கு வருஷம் திரும்புகிறது. அதற்குள் அக்காவை உங்களிடம் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

அவள் இன்னும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை, அத்தான். உங்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. நம்மில் பெண்கள் அடக்கம் பண்ணுகிற இடத்துக்கு வருவதில்லை. உங்களைத் தூக்கியபோது அவள் வாசலோடு நின்றுவிட்டாள். எரிக்க வேண்டாம், தோட்டத்திலேயே வையுங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்ததால் மலையடி வரை கொண்டு போனோம். எந்த மரத்தின் பக்கம், தலை எந்தத் திசை என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து வைத்த தோட்டம் அது. அங்கே புருஷன் எங்கே கிடக்கிறான் என்று அடுத்தவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது என்ன வழக்கமோ.

உங்களைக் கொண்டு போனது நல்ல பாதை. உங்கள் தம்பியின் நிலத்து வழியாக வண்டி அலுங்காமல் போகிற மண்பாதை. அக்கா துக்கம் காத்து வீட்டோடு இருந்த மாதங்கள் கழிந்து தை பிறந்ததும், அவர் அதில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். தேங்காய் களவு போகிறதாம். பாகப்பிரிவினை அன்றைக்கே நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். பாதை உரிமையைப் பத்திரத்தில் எழுதுங்கள் என்றேன். "அவன் என் தம்பில்லா? வழிய மறிச்சிருவானாக்கும்?" என்று என் தோளில் தட்டினீர்கள். படித்தவன் சொல்வதை இந்தக் குடும்பத்தில் யார் கேட்டார்கள்? எனக்கு உங்கள் மேலும் கோபம்தான். செத்துப் போனதால் அது குறைந்துவிடவில்லை.

மிச்சமிருப்பது ஓடை வழி. கார்த்திகை மழையில் அது மண்ணெல்லாம் அரித்துப்போய் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது. பங்குனியில் ஒரு காலை அக்காவை ஏற்றிக்கொண்டு அந்த வழியில்தான் வந்தேன். ஓடையைத் தாண்டியதும் ஒரு பாறை, வழிக்குக் குறுக்கே படி மாதிரி. முன் சக்கரம் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. வண்டியின் நடுவயிறு பாறையில் உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சும்மா சுற்றியது. ஆடு மேய்க்கிறவர்கள் வந்து பின்னால் இழுத்துவிட்டார்கள்.

அக்கா முன் சீட்டில் இருந்தபடியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து மரங்களின் தலை தெரியும். அந்த முழங்காலோடு அவளால் மீதி ஏற்றத்தை நடந்து ஏற முடியாது. வீடு வந்து சேர்ந்தோம். இறங்கும்போது, "பழமெல்லாம் உதுந்து கெடக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் நான் மைதீன் பாயின் பட்டறைக்குப் போனேன். ஜீப்புக்கு என்றே பேர் வாங்கியவர். வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சார், முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. கிட்டு போட்டா அச்சு உசராது. அச்சை உசத்தணும்னா டயரைப் பெருசா மாத்தணும். இது பாடியை மட்டுந்தான் தூக்கும். ஒங்களுக்கு எங்கன தட்டுது?"

"நடு வயிற்றில்."

"அப்பம் இதுதான் மருந்து. ரெண்டு இஞ்சு இருக்கு, நாலு இஞ்சு இருக்கு. அதுக்கு மேல உள்ளது போட்டோ எடுக்கிறவனுவளுக்கு."

நான் ஒரு நோயாளியின் உறவினன் மாதிரி எல்லாவற்றையும் கேட்டேன். உயரம் கூடினால் வளைவில் சாயுமா? சாயும், பைய ஓட்டணும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒத்துக்கொள்வார்களா? "அதை அவங்ககிட்டதான் கேக்கணும். எங்கிட்ட கேட்டா நான் சரின்னுதான் சொல்லுவேன்." போய்க் கேட்டேன். ஒரு மேஜை இன்னொரு மேஜையைக் காட்டியது. அதற்கான காகிதம் தனியாக அலைந்துகொண்டிருக்கிறது. பழைய பட்டைகளையே வளைத்துப் போட்டால் என்ன என்று பாயிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, வாழைத்தார் ஏற்றி ஏற்றி உங்கள் பட்டைகள் தட்டையாகிவிட்டன, சூடாக்கி வளைத்தால் ரெண்டு இஞ்ச் திரும்பக் கிடைக்கும், கிட் வாங்கவே வேண்டாம் என்றார். எனக்கு அது பிடித்தது. வாழ்க்கையில் ஒரு பொருளாவது இழந்ததைத் திரும்பப் பெறுகிறதே என்று நினைத்தேன்.

வளைத்துப் போட்டுக்கொண்டு தனியாக ஓடை வழியில் போனேன். பாறையில் பாதி தாண்டியதும் அடியில் கர்ரென்று ஒரு சத்தம். மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. இந்தத் தடவை ஆடு மேய்க்கிறவர்களும் இல்லை. கல் அடுக்கி, ஜாக்கி வைத்து, வெயில் ஏறியபிறகு வண்டியை மீட்டேன். உங்களைப் பார்க்கக்கூட வரவில்லை. சட்டையெல்லாம் கிரீஸ். பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்.

ஆக, நாலு இஞ்ச்தான். உங்கள் மகன் மஸ்கட்டிலிருந்து அதைத்தான் முதலிலேயே சொன்னான். வீடியோ வீடியோவாக அனுப்புகிறான். "நாலே போடுங்க மாமா, கெத்தா இருக்கும்." அப்பாவைப் பார்க்கப் போகிற வண்டிக்குக் கெத்து எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே விமானம் ஏறியவனிடம் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. கேட்டால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவான். அக்காவுக்கு அந்தச் சத்தமும் இல்லாமல் போகும்.

ஆனால் நாலு இஞ்சில் அக்கா ஏற வேண்டுமே. பட்டறையில் ஒரு எஸ்டேட் ஜீப் நின்றது. அதே நாலு இஞ்ச் கிட் போட்டது. அக்காவை அங்கே அழைத்துப் போனேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள். பாதி உயரத்தில் கால் நின்றது, மேலே போகவில்லை. கீழேயும் வைக்க மனமில்லாமல் அப்படியே நின்றாள். பட்டறையில் சத்தம் நின்றுபோயிற்று. வேலை செய்கிறவர்கள் ஆளுக்கொரு ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார்கள்.

மைதீன் பாய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் போட்டார். "லாத்தா, இதுல ஏறி அப்படியே உக்காந்துருங்க. கையப் பிடிச்சுக்கிடுங்க."

"இங்கன சிமிண்டுத் தரையில நிக்கும் பாய். அந்தச் சரிவுல இது நிக்குமா?" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ பின்னால நின்னு என்னைய மூட்டை தள்ளுத மாதிரி தள்ளலாம்னு நெனைக்காத. அதுக்கு நான் வீட்டுலயே கெடப்பேன்."

வண்டியின் பக்கத்தில் ஒரு படி தொங்கவிடலாமா என்று கேட்டேன். படி தொங்கினால் பாறையில் அதுதான் முதலில் பிய்யும் என்றார் பாய். யோசித்துப் பாருங்கள், அத்தான். வண்டி தாழ்ந்திருந்தால் அக்கா ஏறலாம், வண்டி வந்து சேராது. உயர்ந்தால் வண்டி வந்து சேரும், அக்கா ஏற முடியாது. வகுப்பில் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்தால் பையன்கள் விடை இல்லை என்று எழுதிவிட்டு வெளியே போவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் உங்கள் தம்பி ஊர் டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"என்னவே வாத்தியாரே, ஜீப்புக்குக் கால் மொளைக்க வைக்கீராமே?"

நான் டீயைக் குடித்தேன்.

"கேட்டு இருக்கு, பூட்டு இருக்கு, சாவி எங்கிட்ட இருக்கு. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த கேளும். தொறந்துட்டுப் போறேன். மதினிக்கு நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"மாட்டேன் என்று சொல்லாதவர் பூட்டுவானேன்?"

"அது களவாணிக்குப் போட்ட பூட்டுவே. நீர் ஏன் உம்ம தலையில எடுத்து வைக்கீரு?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர நீர்மாலைக்குப் போனபோது, குடத்தோடு முன்னால் போக வேண்டிய மனிதர் எதிர்த்த வீட்டு வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழைகூட இல்லை. அந்தக் குடை என் கண்ணிலேயே நிற்கிறது. அவர் வீட்டு வாசலில் போய் நின்று சாவி கேட்பதைவிட, ஜீப்பை வானம் வரை உயர்த்துவேன் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். இதை உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. அக்காவுக்கும் என் கோபம்தான் இருக்கிறது, அதனால்தான் அவள் கேட்டைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குப் போனேன். முன்கதவு திறந்திருந்தது, ஆளைக் காணோம். புறவாசலில் கல் உரசுகிற சத்தம். போய்ப் பார்த்தால் அக்கா படியின் மேல் ஒரு சிமெண்ட் கல்லைப் படுக்க வைத்து, நிலைக்கம்பைப் பிடித்துக்கொண்டு அதில் காலை வைத்து ஏறுகிறாள். இறங்குகிறாள். மறுபடியும் ஏறுகிறாள். முகமெல்லாம் வியர்வை. முழங்காலில் துண்டை இறுக்கிக் கட்டியிருக்கிறாள்.

"என்னக்கா இது?"

"ஏலே, இது நாலு இஞ்சு கல்லுதான? சுவரு வச்ச கொத்தனாரு அப்படித்தான் சொன்னாரு."

"ஆமா."

"இந்தப் படியும் ஒஞ் ஜீப்புல இப்பம் கால் வைக்கித எடமும் ஒரே உசரம். நூலு பிடிச்சுப் பாத்துட்டேன். பட்டறையில இருந்து வந்த நாள்ல இருந்து ஏறிக்கிட்டுதான் இருக்கேன். மொதல்ல முடியல. இப்பம் கம்பியப் பிடிச்சா ஏறிருதேன். நீ நாலே போடச் சொல்லு."

நல்லது என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "போடுவோம். அவன் கேட்டில் போய் நாம் நிற்க வேண்டாம். வாசலில் வந்து கேள் என்கிறான். என்ன திமிர்."

அக்கா கல்லின் மேலேயே உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள்.

"கேக்க எனக்கு என்னலே கூச்சம்? அவன் சின்னப்பிள்ளையில எங்கையால சோறு தின்னவன். நான் போயி நின்னா சாவியக் கையில தந்துருவான். தந்துட்டுப் பின்னாலயே வருவான். அவன் பெஞ்சாதி வருவா. அங்கன வந்து, அண்ணே அண்ணேன்னு விழுந்து அழுவான். நான் அவனத் தேத்திக்கிட்டு இருக்கணும். ஒரு வருசமா எல்லாரையும் தேத்தியாச்சு. நான் அவருகிட்ட தனியா ரெண்டு வார்த்த பேசணும். அதுக்குத்தான் இந்த வழி. ஒன் கோவத்துக்காக இல்ல."

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் மேல வரப்பிடாது. என்னைய எறக்கிவிட்டுட்டு, வண்டியத் திருப்பிக்கிட்டு ஓடைக்குப் போயிரு. நான் கூப்பிடும்போது வா."

என்ன பேசப் போகிறாள், அத்தான்? என்னிடம் சொல்லாதது அவளிடம் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடக்கத்திலிருந்து பதினாறு வரை, ஆஸ்பத்திரிக் காகிதங்களிலிருந்து இந்தப் பட்டறை வரை எல்லாம் நான்தான் பார்த்தேன். கடைசியில் என்னையும் உங்கள் தம்பியோடு ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டாள். அவர் கேட்டோடு நிற்க வேண்டும், நான் ஓடையோடு. வருத்தமாகத்தான் இருக்கிறது. களைப்பாகவும் இருக்கிறது. அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணக்கு தனி.

மறுநாள் மைதீன் பாயிடம் நாலு இஞ்ச் என்று சொல்லிவிட்டேன். கம்பியில் கை வழுக்காமலிருக்கத் துணி சுற்றித் தருகிறேன் என்றார். அக்கா தினமும் காலையில் கல்லில் ஏறிக்கொண்டிருக்கிறாள். நான் உதவிக்குப் போவதில்லை. தெருவில் நின்று சத்தம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

ஆவணியில் ஒரு காலை அவளைக் கொண்டு வருவேன். நீங்கள் இருக்கும் மரத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவேன். இஞ்சினை அணைத்துவிட்டு, உங்கள் பேச்சு காதில் விழாத தூரத்தில் நிற்பேன். அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் ஹாரன் அடிக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்டு வண்டி ஓட்டக் கற்ற,
உங்கள் பெண்டாட்டிக்கு ஒரே தம்பியான
மச்சினன்