சிவப்புக் கோடிட்ட ஆறு அட்டைகள்

ராத்தா,

இன்று காலை மேசை லாச்சியை இழுத்தபோது உங்கள் சிவப்புப் பென்சில் அகப்பட்டது. நுனியில் நீங்கள் கடித்த அடையாளம் அப்படியே இருக்கிறது. இந்தப் பென்சிலால்தான் முதலில் உங்களைச் சந்தேகித்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, துறைமுகக் கந்தோரில் உங்களுக்கு அடுத்த மேசையில் கொம்பியூட்டர் அட்டை துளைக்கச் சேர்ந்தவள் நான். யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச மாட்டேன். அதனால் கைகளையே பார்ப்பேன்.

வேலையாட்களின் வரவுப் பட்டியலுக்கான புரோகிராமைக் கொம்பியூட்டரே எழுதியது. நம் மேலதிகாரி சேர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், அட்டை அட்டையாகத் துளைத்துத் தள்ளும். நீங்களோ அந்தக் கட்டின் நடுவே சிவப்புக் கோடு போட்ட ஆறு அட்டைகளைச் செருகுவீர்கள். அதுவும் சேர் தேநீருக்குப் போகும் நேரம் பார்த்து. மெசின் எழுதாத எதை நீங்கள் எழுதுகிறீர்கள்? ஒருநாள் ஒளிந்து அவற்றின் மேல்விளிம்பைப் படித்தேன். கிண்ணியாவின் குறியீடு. உங்கள் வாப்பாவும் கிண்ணியாவிலிருந்து பாதை என்னும் படகில் கடல் தாண்டி வேலைக்கு வருபவர். அவருக்காகக் கள்ளக் கணக்கு எழுதுகிறீர்கள் என்று முடிவுகட்டினேன்.

"என்ன புள்ள, என்ட கையையே பாக்கிறாய்? மருதோண்டி வேணுமா?" என்று ஒருநாள் சிரித்தீர்கள்.

"இல்ல ராத்தா, சும்மா."

அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

பிறகு சேர் படிவத்தை மாற்றினார். மெசின் புதுக் கட்டு ஒன்றைத் துளைத்தது. பழையதிலிருந்து ஆறு அட்டைகளையும் எடுத்துப் புதியதில் வைத்தீர்கள். நீங்கள் வெளியே போனதும் அவற்றை உருவி என் பைக்குள் போட்டேன்.

மறுநாள் கிண்ணியா ஆட்கள் பதினான்கு பேர் பிந்தியவர்களாக அச்சானார்கள். கேற்றிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் வாப்பாவும் அதில் ஒருவர்.

"பாதை பிந்தினா அவங்கட பிழையே? படிவத்தில அதுக்கு இடமில்லை எண்டுதானே ஆறு அட்டை எழுதித் தந்தனான்! எங்க அது?" என்று சேர் கத்தினார்.

"நான்தான் வைக்க மறந்திட்டன் போல, சேர்" என்றீர்கள் நீங்கள்.

சேர் மெசினை விட்டு எழும்பினால்தான் கட்டு நம் கைக்கு வரும், அதனால்தான் நீங்கள் தேநீர் நேரம் பார்த்தீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னேரம் யாரும் காணாமல் அட்டைகளை உங்கள் லாச்சியில் போட்டேன். கண்டெடுத்து, "இங்கதான் கிடந்திருக்கு. என்ட மறதியப் பாரு, புள்ள" என்றீர்கள். தெரிந்துதான் சொன்னீர்களா? அந்தச் சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை.

அடுத்த மாரியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது அட்டைகளை மாற்றி வைப்பது என் வேலை. மெசின் சுத்தமாகத் துளைத்துத் தரும் கட்டைத்தான் இப்போது நம்புவதில்லை. யாரை விட்டுவிட்டதோ என்று ஒவ்வொன்றாகப் புரட்டுவேன்.

நட்சத்திரக் குறி போட்ட அட்டையை மெசின் கட்டளையாக எடுக்காது. புரோகிராமோடு சேர்த்து அச்சிட மட்டும் செய்யும். இன்று அப்படி ஏழாவதாக ஒன்று துளைத்தேன். மெசினில் தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கில எழுத்தில் தமிழாக: 'அன்று எடுத்தது நான். ராத்தா மறக்கவில்லை.'

உங்கள் பென்சிலால் கோடு போட்டு, சேரிடமே கட்டைக் கேட்டு வாங்கி, அவர் கண்முன்னே ஆறுக்கும் பின்னால் வைத்தேன். சேர் தேநீருக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை.